பாவாடை நாடா

நடு உடலில் செதில் வரிசை பதினேழு.
வயிற்றுத் தகடு நூற்று நாற்பத்து மூன்று.
மறுபடி எண்ணினால் நூற்று நாற்பத்து நான்கு.
கழுத்துக்குக் கீழே ஒன்று பாதியாய் நிற்கிறது,
பஸ்ஸில் அரை டிக்கெட் மாதிரி.
சேர்ப்பதா விடுவதா என்று
கரண்ட் போன பாளையங்கோட்டை மத்தியானத்தில்
குண்டூசியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

குதிரைவெட்டி வளைவில் பஸ் ஏறிய பாம்பு.
தலை முழுசு, வால் முழுசு.
நடுவே டயரின் வரி
முதுகின் வரியைக் குறுக்கே வெட்டுகிறது.

இனங்காணும் அட்டவணை கேட்கிறது:
செதிலில் முகடு உண்டா? உண்டு. ஏழுக்குப் போ.
மூக்குத்துளை மேலே பார்க்கிறதா? இல்லை. பன்னிரண்டுக்குப் போ.
கண்ணைத் தொடும் மேலுதட்டுச் செதில் எத்தனை?
இடப்பக்கம் இரண்டு.
வலப்பக்கம் மூன்று.
அதற்கு மேல் போக எண் இல்லை.

சென்னைக்கு எழுதினேன். ஒரு வரியில் பதில்:
ஒற்றை மாதிரி போதாது, இன்னும் இரண்டு அனுப்பவும்.
அனுப்புவது என்றால்
ஊசி போட்டு, நேராய் நீட்டி, பாட்டிலில்.

ஆறாம் நம்பர் லைனிலிருந்து தவசிக்கனி கூப்பிட்டாள்.
"சாக்குக்கு அடியில ஒங்க பாம்பு ஒண்ணு கெடக்கு.
அடிக்கச் சொல்லுதாவ. நான் விடல. வாரியளா?"

போனேன். மழை. காலில் நாலு அட்டை.
கையில் எடுத்ததும் கழுத்தைப் பரப்பி
செதில்களுக்கிடையே ஒளித்திருந்த செம்மஞ்சளைக் காட்டியது;
மணிக்கட்டில் அழுகிய கொழுந்தின் நாற்றத்தைப் பூசியது.
கடிக்கவில்லை.

"பேரு தெரியாமலா இம்புட்டுத் தூரம் வந்திய?
பாவாடை நாடால்லா இது.
ரெண்டு ஓரமும் மஞ்ச, நடுவுல கறுப்பு.
இழுத்துக் கெட்டுனா இடுப்புல நிக்கும்."

பையில் மருந்தேற்றிய ஊசி இருந்தது.
மூடியை இரண்டு முறை தொட்டேன்.
அவள் அதைப் பார்த்தாளா தெரியாது.
விறகு இடுக்கிலிருந்து எதையோ உருவினாள்:
"இது ஆவுமா? நேத்துக் கழட்டிப் போட்டது."

அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி
சட்டையை மிதக்கவிட்டோம்.
வாயிலிருந்து வால்வரை கிழியாத சட்டை,
கண்ணுக்கும் சேர்த்துத் தைத்தது.
உதட்டில் இடம் மூன்று, வலம் மூன்று.
நான் ஊசியால் எண்ணினேன், அவள் விரலால்.
கொழுந்து எடையில் வருஷக்கணக்காய் ஏமாந்தவள்,
ஒன்றையும் தாண்ட விடவில்லை.
கழுத்தருகே இதிலும் ஒரு பாதி.

"இதைச் சேக்கணுமா?"

"அரைச் சம்பளம்னாலும் ஆளு ஆளுதான்."

நூற்று நாற்பத்து நான்கு.

சாக்கு ஓரத்தில் பாம்பை விட்டேன்.
தேயிலைக்குள் புகுந்து
எந்த எண்ணுக்கும் போகாமல் போனது.

பதிவேட்டில் இனம் என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
உள்ளூர்ப் பெயர் என்ற கட்டத்தில் மையால் எழுதினேன்;
சொன்னவர் பெயரும், லைன் நம்பரும்.
அந்த லைனை எப்போது காலி செய்யச் சொல்வார்களோ,
முகவரி கட்டத்தை நிரப்பத் தயங்கினேன், பிறகு நிரப்பினேன்.

கடைசி பஸ்ஸில் மடியில் பொட்டலம்.
மணிமுத்தாறு இறக்கத்தில் கண்டக்டர் குனிந்தார்.
"என்னம்மா அது, இவ்வளவு பத்திரமா?"
"சட்டை."
"யாருக்கு?"
"இன்னும் பேர் வைக்கலை."
சிரித்துக்கொண்டே
ஒரு டிக்கெட் கிழித்தார்.