பத்து விநாடி

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
கணக்கு மேசைக்குக் கீழே
உப்பேறிய கம்ப்யூட்டர்.
மூடியைக் கழற்றினால்
திருகாணி துருப்பொடியாய் உதிர்கிறது.

"ஆன் பண்ணுனா நேரா விண்டோஸ்தாம்மா.
முன்னெல்லாம் ஒரு கறுப்புப் பலகை வரும்,
எது வேணும்னு கேக்கும்.
இப்பக் கேக்குறதே இல்ல."
கஸ்பார் முதலாளி சொல்லிவிட்டு
குரலைத் தணிக்காமலே சேர்த்துக்கொண்டார்:
"அந்த நேவிஸ் பய
எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் குவைத்துக்கு ஏறியிருக்கான்."

விண்டோஸ் பக்கம் ஐஸ் பில்.
லினக்ஸ் பக்கம்
நாற்பத்தொரு விசைப்படகின் சீட்டுப் பணக் கணக்கு.
திருட்டு விண்டோஸில் வைத்தால் வைரஸ் தின்றுவிடும் என்று
நேவிஸ் தனியே வகுத்து வைத்த இடம்.

மூன்று வாரமாக
அவன் மனைவி மெல்டா ஏலத்துக்கு வருவதில்லை.
அவள் முகத்தைப் பார்க்காமல்
கூடையைப் பார்த்தபடியே கேட்கிறார்களாம்,
காசு வந்து சேர்ந்துச்சா என்று.

நான் வாயைத் திறக்கவில்லை.
டிஸ்க்கைத் திறந்தேன்.
ஓரத்தில் நூற்றுப் பதினெட்டு ஜிபி,
பெயரில்லாமல், முழுதாக.
"அதான் அடிக்கடி கேக்குது" என்றான் முதலாளியின் மருமகன்,
"ஃபார்மட் பண்ணவான்னு.
நாளைக்கு ஆமான்னு குடுத்துரலாம்னு இருந்தேன்."
கேட்க வேண்டியதை விட்டுவிட்டு
இதை மட்டும் கேட்டிருக்கிறது.

வெளியே ஐஸ் அரைக்கும் மிஷின் பல்லைக் கடித்தது.
பென்டிரைவைச் செருகி
எஃப் பன்னிரண்டைத் தட்டித் தட்டி
பின்வாசல் வழியே நுழைந்தேன்.
வரிசை தெரிந்தது.
நேவிஸின் லினக்ஸ் இருக்கிறது,
எல்லாவற்றுக்கும் கடைசியில்.
பதினாறாம் தேதி ராத்திரி
அப்டேட் ஒன்று தானாக இறங்கி
தன்னை முதலில் நிறுத்திக்கொண்டிருக்கிறது.
நேவிஸ் விமானம் ஏறியது பதினான்கு.
இரண்டு தேதிகளையும்
பில் புத்தகத்தின் முதுகில் எழுதி வைத்தேன்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால்
என் போனும் இப்படித்தான்.
என்னைக் கேட்காமலே அக்கரை டவரைப் பிடித்து
இலங்கைக்கு நல்வரவு என்கும்.
இக்கரை ஈரமணலில் நின்றுகொண்டு
ஒரு நிமிடப் பேச்சுக்கு நாற்பது ரூபாய் அழுதிருக்கிறேன்.
கடலுக்குள் இந்தப் பிசகு நேர்ந்தால்
காசோடு போகாது.
படகு வைத்திருப்பவர்களிடம்
அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் எண்ணை முன்னே, சுழியத்தைப் பின்னே.
ஒரு வரி. என்டர்.
இன்னொரு கோப்பில்
காத்திருக்கும் நேரமும் சுழியமாய்க் கிடந்தது.
பத்து என்று மாற்றினேன்.

மறுபடி ஆன்.
கம்பெனி முத்திரை. கறுப்பு.
வெள்ளை எழுத்தில் இரண்டு வரி.
கீழே இறங்கும் எண்:
பத்து, ஒன்பது.
மருமகன் கை நீட்டினான்,
முதலாளி தட்டிவிட்டார்.
எட்டு.
ஏழு.
யாரும் எதையும் தொடவில்லை.

கணக்கு வந்தது.
சந்தியாகப்பர், கடல்ராணி, மூன்று ரோசாக்கள்,
பைசா பிசகாமல்.
பாக்கி நின்றது ஒரே படகு, ஐந்து மாதம்.
அது முதலாளியின் சொந்தப் படகு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பத்து விநாடி எதுக்கும்மா, மூணு போதும்,
கரண்டு பில்லு ஏறுது."
மெல்டாவிடம் யார் சொல்வது என்று கேட்டேன்.
மிஷின் இரைச்சலில் அவர் காதில் விழவில்லை,
அல்லது மிஷின் அவருக்கு ஒத்தாசை செய்தது.

கூலி முந்நூறு.
கேட்காமலே ஒரு பை ஐஸும் கொடுத்தார்.
பத்தை நான் மூன்றாக்கவில்லை.

ஸ்கூட்டர் கொக்கியில் பை சொட்டச் சொட்ட
கோயில் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினேன்.
போய்ச் சேர்வதற்குள் பாதி தண்ணீர்.
மெல்டா பையைத் தூக்கிப் பார்த்து
யார் குடுத்தா என்றாள்.
கஸ்பார் முதலாளிதான் என்றேன்.
முழுப் பொய்யும் இல்லை.