எண் 418

ஐஸ் கம்பெனி கம்ப்ரசர்களுக்கு
எண்ணெய் மாற்றப் போகிறவன் நான்.
மண்டபம், பாம்பன், தொண்டி, மூக்கையூர்,
மாதத்தில் இருபது நாள் பேருந்து.
ஸ்பேனர்ப் பைக்குள், பழைய லுங்கியில் சுற்றி,
ராமநாதபுரத்தில் தவணைக்கு வாங்கிய கேமரா.
அமோனியா வாடை அதற்கும் ஏறிவிட்டது.

கேமராவைக் கண்டால்
இந்தக் கரையே சட்டைப் பொத்தான் போடும்.
வலை பொத்திக்கொண்டிருந்தவர் எழுந்து
கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொள்வார்,
ஆதாருக்கு நிற்பதுபோல்.
அதனால் கேட்காமல் எடுக்கப் பழகினேன்.
இடுப்பு உயரத்தில் கேமரா,
கண் வேறெங்கோ.

சாயல்குடி பேருந்தில்
ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துத் தூங்குகிறவள்;
குட்டி விழித்திருந்து டிக்கெட்டைத் தின்கிறது.
தொண்டியில் ஏலம் முடிந்த தரை,
நசுங்கிய காரல் மீன், அதன்மேல் செருப்புத் தடம்.
கீழக்கரையில் துபாயிலிருந்து வந்த பெட்டி,
கயிறு இன்னும் அவிழ்க்கவில்லை,
அதன்மேல் ஏறி நின்று தெருவை அளக்கும் பையன்.
சகுபர் டீக்கடையில்
மீதிச் சில்லறைக்கு நீட்டிய கையை மறந்து
பாலத்தில் ரயிலைப் பார்க்கும் ஒருவர்.

யாரும் என்னைப் பார்க்காத படங்கள்.
அதுதான் உண்மை என்று நினைத்திருந்தேன்.

சின்னப்பாலத்தில், அமாவாசைக்கு மூன்றாம் நாள்,
பாசி எடுத்துவிட்டுப் பெண்கள் கரையேறினார்கள்.
விரல்களில் துணிச்சுற்று.
காலில் கட்டிய அலுமினியத் தட்டுகள்
பாறையில் தட்டித் தட்டி வந்தன.
யாரோ ஏதோ சொன்னாள்.
நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒருத்தி
தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள்,
கடைவாய்ப் பல் இல்லாத இடம் தெரிய,
தோள் சாக்கிலிருந்து
கஞ்சிப்பாசித் தண்ணீர் முதுகில் ஒழுக.
அமுக்கினேன்.
கச்சான் அடித்திருந்தால்
அந்தச் சத்தத்தைக் கொண்டுபோயிருக்கும்.
அன்று கச்சான் இல்லை.

நேராக வந்தாள்.
முதலில் பேரைச் சொன்னாள்.
(இங்கே முத்துராக்கு என்று வைத்துக்கொள்வோம்.)
'எங்க வீட்டுக்காரவுக யாழ்ப்பாணம் செயில்ல இருக்காக.
நாலு மாசமாச்சு.
இது எவ செல்லுலயாச்சும் வந்துச்சுன்னா
மாமியா வீட்டுல என்ன சொல்லுவாக?
அழிச்சிருங்க.'

நாக்குக் குழறியது.
விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது.
'இருங்க.'

ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள்.
ஆம்பளைச் சட்டை, தோள் இறங்கித் தொங்கியது.
கேமராவை வாங்கி,
வெயில் விழாமல் கையைக் கூரையாக்கிக்
குனிந்து பார்த்தாள்.
மற்றவர்கள் எடை போடப் போய்விட்டார்கள்.
ஒரு வல்லம் வந்து தரைதட்டி
ஆள் இறங்கி, நங்கூரம் ஊன்றி,
மூன்றாவது குச்சியில் பீடி பற்றும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
'பல்லு இம்புட்டா தெரியும்' என்றாள்.
என்னிடம் இல்லை.

பிறகு,
'எது, இந்தக் குப்பைத்தொட்டியா?'
அவளே அமுக்கினாள்.
நிச்சயமா என்று கேமரா கேட்டது.
அதற்கும் அவளே அமுக்கினாள்.

இரவு மண்டபம் லாட்ஜில்
கொசுவத்தி எரிய, ஒவ்வொன்றாய்த் தள்ளினேன்.
417, சாக்குகளும் தராசும்.
அடுத்தது 419.
அவள் திருப்பித் தருகையில்
கைபட்டுத் தானாக விழுந்தது.
சாய்ந்த கடல்.
ஓரத்தில் பாதிக் கட்டைவிரல்,
துணிச்சுற்று அவிழ்ந்து நூல் பறக்கிறது.
இப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பாம்பனில் வேலை இருக்கிறது.
கேட்டுவிட வேண்டும்.