நான் தேவைப்படாத ஊர்

மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர்.
மீரானின் பழைய நிசானில் நாலு பேர்,
பெட்ரோலுக்கு ஆளுக்கு ஆறு ரியால்.
ஹைமாவில் பரோட்டா தின்று கை கழுவினால்
குழாய்த் தண்ணீர் தேநீர்ச் சூடு.
வெளியே நாற்பத்தேழு டிகிரி.
இதற்கு மேல் வழியில் பார்க்க ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததையே
ஐந்து மணி நேரம் பார்த்துக்கொண்டு போனோம்.

தும்ரைத் தாண்டி மலை இறங்கும்போது
கண்ணாடிமேல் யாரோ
ஈரத்துணியைப் போட்டதுபோல் பனிமூட்டம்.
மீரான் வைப்பரைத் தேடினான்.
வாங்கிய நாளிலிருந்து தொடாத சுவிட்ச்;
முதலில் இண்டிகேட்டர்தான் அடித்தது.

சலாலா.

பன்னிரண்டு வருஷமாக
ருவி, குப்ரா, சீப் என்று
மொட்டைமாடிகளில் மண்டியிட்டு
அடுத்தவர் அறைக்குக் குளிரேற்றுகிறவன் நான்.
ஜூலை வந்தால் என் போன் தூங்காது.
"பாய், பெட்ரூம் ஓடலை."
"பாய், தண்ணி சொட்டுது."
இங்கே அதே ஜூலை.
லாட்ஜின் பின்சுவரில் கம்ப்ரஸரைத் தொட்டேன்.
சில்லென்று கிடந்தது.
அதன் விசிறிக் கூண்டுக்குள்
ஒரு குருவி குப்பை சேர்த்திருந்தது.
மாடல் நம்பரைப் படித்துவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டேன்.

இத்தீன் மலைமேல்
குவைத் நம்பர், துபாய் நம்பர், ரியாத் நம்பர்.
சேற்றில் கம்பளம் விரித்து
குடும்பம் குடும்பமாய் நனைகிறார்கள்.
குடை வைத்திருந்தவர் ஒருவர்தான்,
அதையும் தேநீர் அடுப்புக்குப் பிடித்திருந்தார்.
மழை என்று சொல்லவும் முடியாது,
சட்டை நனைய இருபது நிமிஷம் ஆகும்.
தென்காசிக்காரன் இசக்கிமுத்து சொன்னான்:
"இதையெல்லாம் சாரல்னு சொன்னா
எங்க ஊர்ச் சாரல் கேஸ் போடும்."
சொன்னவன்தான் அரைமணி நேரம்
வாயைத் திறந்து அண்ணாந்து நின்றான்.

ஹாஃபா கடைத்தெருவில்
குந்திரிக்கம் விற்ற அம்மாள்
நிறுக்கும் முன்பே ஒரு துண்டை நீட்டினாள்,
மெல்லச் சொல்லி.
சவேரிராசு பின்வாங்கினான்:
"பூசையில புகையுறதை எப்படிடா கடிக்கிறது?"
கடித்தான். பல்லில் ஒட்டிக்கொண்டு
ராத்திரி முழுக்க
கோயில் வாசனையோடு குறட்டை விட்டான்.

கடைசி நாள் சும்ஹுரம்.
அரைச்சுவர்கள், உப்புக்காற்று,
கீழே கடலுக்குள் போக மறந்த கழிமுகம்.
இங்கேதான் கப்பல் வந்ததாம், வாசனைக்கு.
காவலர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:
உங்கள் எழுத்தில் பெயர் கீறிய
பானை ஓடு ஒன்று இங்கே தோண்டும்போது கிடைத்தது.
கீரன் என்றோ என்னவோ.
காட்டுங்கள் என்றோம்.
இங்கே இல்லை, எங்கோ பத்திரமாய் இருக்கும் என்றார்.

"பேர் மட்டுமா? வேற ஒண்ணும் எழுதலையா?"
சவேரிராசுக்கு ஏமாற்றம்.
எனக்கு இல்லை.
எட்டுப் பேர் அறை, ஒரே ஃபிரிட்ஜ்.
டப்பாமேல் மார்க்கரால் பேர் எழுதாவிட்டால்
சாயங்காலம் குழம்பும் இருக்காது, மூடியும் இருக்காது.
கீரனுக்கும் அறைத்தோழர்கள் இருந்திருப்பார்கள்.

திரும்பும்போது
தும்ரைத்துக்கு இப்பால் வெயில் மறுபடி ஏறிக்கொண்டது.
போனில் பதினேழு தவறிய அழைப்புகள்.
காய்ந்த கண்ணாடியில் வைப்பர்
கீச் கீச்சென்று போய் வந்துகொண்டிருந்தது.
மீரான் நிறுத்தவில்லை.
நிறுத்தச் சொல்லி
நாங்களும் சொல்லவில்லை.