இரண்டு பக்கமும் பல்

சாட்ஸ்வர்த், பேவியூ. ஆறு மணிக்கு வெட்டு,
சொன்ன நேரத்துக்குச் சரியாக.
படையாச்சியின் கோழிக்கடைப் பின்கட்டில்
மஞ்சள் ஜெனரேட்டர் நாலைந்து முறை இருமி
எழுந்து நின்றது.
ஆறரை கேவிஏ என்று ஸ்டிக்கர் சொல்கிறது.
ஸ்டிக்கர் எதையும் சொல்லும்.

இன்ஷூரன்ஸ்காரன் வெள்ளிக்குள் சான்றிதழ் கேட்கிறானாம்.
நான் போர்டின் மூடியைக் கழற்றுகிறேன்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.

முப்பத்திரண்டு இருக்கவேண்டிய இடத்தில்
அறுபது.

"கரண்ட் திரும்பும்போது மூன்று ஃப்ரீசரும்
சேர்ந்து குதிக்கும், அக்கா.
முப்பத்திரண்டு விழுந்துகொண்டே இருந்தது.
மாற்றிவிட்டேன்."
ஆங்கிலத்தில் சொன்னார்.
அக்கா மட்டும் தமிழ்.

விழுவதுதானே அதற்குக் கொடுத்த வேலை.
பிரேக்கர் ஃப்ரீசருக்குக் காவல் அல்ல, படையாச்சி,
உங்களுக்குக்கூட அல்ல.
சுவருக்குள் படுத்திருக்கும் அந்த
நாலு மில்லிமீட்டர் கம்பிக்கு.
புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்.
மின்சாரம் போய்க் கால்மணி ஆகிறது,
காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

இந்த மெஷினுக்கோ உரக்கக் கத்த வராது.
உள்ளே கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொண்டால்
நகரத்து மின்சாரம் ஊரைக் கூட்டும்;
இது தன் பலத்துக்கு மூன்று மடங்கு முனகும், அவ்வளவுதான்.
அறுபதுக்கு அந்த முனகல் கேட்டு
அது திரும்பிப் பார்ப்பதற்குள்
கூரைப் பலகை பிடித்திருக்கும்.

பிறகு தரையில் அதைப் பார்த்தேன்.
ஆரஞ்சு வயர். இந்த முனையில் பிளக்,
மூன்று தடித்த பித்தளைப் பல்.
அந்த முனையிலும் பிளக்.
ஜெனரேட்டரைக் கடித்த வாய்
சுவரையும் கடித்துக்கொண்டிருக்கிறது.

"மெயினை அணைத்துவிட்டுத்தான் போடுவேன்."
ஒவ்வொரு முறையுமா?
"ஒவ்வொரு முறையும். நான் இல்லாவிட்டால் கேஷன்."
கேஷன் இல்லாவிட்டால்?
பதிலுக்கு ஜெனரேட்டர்தான் சத்தம் போட்டது.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு
எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாது.
இருநூற்று முப்பதை இங்கிருந்து தள்ளினால்
பதினோராயிரமாக்கி அங்கே கொடுக்கும்.
அங்கே ஒருவர் ஏணியில் நிற்பார்,
லைன் செத்துவிட்டதென்று ஆபீசில் சொன்னதை நம்பி.
அவர் பெயர் எனக்குத் தெரியாது.
விதி எழுதியவருக்கும் தெரியாது.
அதனால்தான் மாற்றுச் சுவிட்ச்:
இதில் இருந்தால் அதில் இருக்கமுடியாத கைப்பிடி.
ஞாபகமறதியை இரும்பில் செய்து
பூட்டி வைப்பது.

நியூட்ரலை மண்ணோடு கட்டவில்லை,
மண்ணில் கம்பி அடிக்கவே இல்லை,
முப்பது மில்லிஆம்பியருக்குப் பதறவேண்டிய யூனிட்
இந்த மெஷின் ஓடும்போது
சுவரில் மாட்டிய காலண்டர்.
எல்லாம் எழுதினேன்.

கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இரண்டு கோழி வந்தது.
திருப்பி வைத்தேன், உருகிய தண்ணீர்
படிவத்தில் சொட்டி என் கையெழுத்துக் கட்டம் ஊதியது.

ஒரு முறை போட்டிருக்கிறேன்.
நியூலண்ட்ஸ் வெஸ்டில் ஒரு ரொட்டிக்கடை,
பத்து வருஷம் முன்பு, மழை, அவசரம்,
மகளைப் பள்ளியிலிருந்து அழைக்கவேண்டிய நேரம்.
எர்த் கம்பி நாளை போடுகிறேன் என்றார்கள்.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்றுவரை ஒன்றும் நடக்கவில்லை.
அந்தக் கடையில் நான் ரொட்டி வாங்குவதில்லை.

மெஷினை நிறுத்தச் சொல்லி, சாக்கெட்டிலிருந்து உருவி
ஆரஞ்சு வயரை நடுவில் வெட்டினேன்.
"அது முந்நூறு ராண்ட்," என்றார் படையாச்சி,
கோபமாகக்கூட இல்லை.
இருட்டில் மூன்று ஃப்ரீசரும் சொட்டிக்கொண்டிருந்தன.
திங்கட்கிழமை சுவிட்ச் வாங்கலாம், விலை இவ்வளவு,
முப்பத்திரண்டு வாங்கலாம், ஃப்ரீசர்களை
இரண்டு சர்க்யூட்டாகப் பிரிக்கலாம் என்று
நான் விளக்கிக்கொண்டிருந்தபோது

நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது மின்சாரம்.
மூன்றும் ஒன்றாகக் குதித்தன.
இருவரும் போர்டைப் பார்த்தோம்.

அறுபது விழவில்லை.
"பார்த்தீர்களா அக்கா," என்று சிரித்தார்.
நான் புறங்கையைக் கொண்டுபோய்
மறுபடி கம்பியின்மேல் வைத்தேன்.