பகைவர் என்ற இடத்தில்

மீன் ஆலையில் இரவுப்பணி முடிந்து
கையுறை நாற்றம் விரலைவிட்டுப் போகுமுன்
உட்காருகிறாள் ரன்வா,
மூவாயிரம் ஆண்டுப் பழசான ஒரு வரியோடு:
என் பகைவரின் வில்லை முறி, ஆண்டவரே.

ஃபாரோ தீவில் வில் ஏது?
வளைக்க மரமே இல்லை.
முந்தின வரிகள் எளிதாகத்தான் இருந்தன.
பாலை இருந்த இடத்தில் மூடுபனி,
ஒட்டகத்தை அடித்துவிட்டுப் படகு.

பகைவர்?

அப்பாவின் படகை விற்ற நாளிலிருந்து
பேச்சில்லாத தங்கை
எதிர்க்கரையில் விளக்கைப் போடுகிறாள்.
அவளுக்கும் இப்போதுதான் விடிகிறது.

மார்ஜுனின் வில்லை முறி.
எழுதிவிட்டுச் சொல்லிப் பார்த்தாள்.
நாக்கில் உப்பு.

பெயரை அடித்தாள்.
என் வில்லை.

இப்போது கண்மூடி,
மூச்சுக்கு ஒரு சொல்லாகப் படிக்கிறாள்.
'முறி' வரும்போது மட்டும்
மூச்சு எங்கோ
மாட்டிக்கொள்கிறது.