பத்து நிமிட எண்ணிக்கை

காலை ஐந்தே முக்கால். வார்விக் சந்திப்பு.
மேம்பாலத்துக்கு அடியில்
சோளம் வேகும் டிரம்களிலிருந்து ஆவி.
ஐம்பது மீட்டர் வட்டம், பத்து நிமிடம்:
பார்த்ததை எழுதலாம், கேட்டதை எழுதலாம்,
யூகித்ததை எழுதக் கூடாது.
இரண்டாமாண்டு நகரச் சூழலியல், செய்முறை நான்கு.

தொலைநோக்கி சனேலேயிடம்.
படிவம் என்னிடம்.
இனம், எண்ணிக்கை, உட்கார்ந்த உயரம்,
கடைசியில் ஒரு கட்டம்:
உள்ளூர் / அயல்.

முதல் நிமிடத்தில் மாடப்புறா நாற்பது.
மூன்றாவதில் ஒற்றை ஹடீடா,
ஊரையே ஏசிக்கொண்டு
கடல் பக்கம் போயிற்று.
பிறகு மைனா.
ரோபோவின் குழாய்க்குள்ளிருந்து
(சிக்னலை இங்கே ரோபோ என்போம்)
தலை நீட்டியது.
சிவப்பு விளக்குக்கு மேலே
வைக்கோலும் சிப்ஸ் உறையும் திணித்துக் குடித்தனம்.
டாக்சிகள் சிவப்புக்கு நிற்பதில்லை.
அது எந்த நிறத்துக்கும் அசைவதில்லை.

பட்டியலில் அதன் முழுப்பெயர்
இந்திய மைனா.
"உங்க ஆளு" என்றான் சனேலே,
கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமல்.
"இருபத்து மூணு பேர்" என்றேன்.
'அயல்' கட்டத்தில் குறி போடப் போனால்
கடற்காற்றின் ஈரத்தில் பேனா மக்கர் செய்தது.
பென்சிலால் போட்டேன்.

உங்கள் மொழியில் என்ன பெயர்?
மைனா.
அதேவா?
அதேதான். அதுவும் இரவல்.
சொந்தமாய் ஒன்று உண்டு, நாகணவாய்.
சனிக்கிழமை வகுப்பில்
வேறு சொல்லைத் தேடும்போது அகராதியில் தட்டுப்பட்டது.
வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கொல்லையில்
அதன் பெயர் 'சூ'.

எட்டாவது நிமிடம்.
நகராட்சி நட்டு வளர்க்கும் காய்ச்சல் மரத்தில்
ஒரு வாலாட்டிக்குருவி. உள்ளூர்.
ஆனால் மரம்?
இந்த நாட்டுடையது, இந்த ஊருடையது இல்லை.
வடக்கே ம்குஸே சதுப்பில்தான் அதற்கு வேர்.
"நானும் ம்குஸேதான்" என்றான் சனேலே.
"அதை எழுதாதே, லோஷினி. பறவை மட்டும்."

ஒன்பதரை.
ரோபோவுக்குள் ஏதோ கீச்சிட்டது.
மெலிதாக, ஒன்றன்மேல் ஒன்றாக.
குஞ்சுகள். கேட்டேன்.
எத்தனை என்று கேட்கவில்லை.
இனம் எழுதினேன், உயரம் எழுதினேன்,
ஐந்து மீட்டர்.
உம்லாசி பேருந்து ஹாரனை அழுத்தியபடி
வளைவில் வந்து நின்றது.
கடைசிக் கட்டத்துக்குப் பென்சில் வருவதற்குள்
சனேலே கைக்கடிகாரத்தைக் காட்டினான்.

அடுத்த இடம் கல்லறைத் தோட்டம்,
ஆறேகால்.
நடுவே ஒரு சோளம் வாங்கிப் பாதியாக முறித்தோம்.
உப்பு அவனுக்கு அதிகம், எனக்குக் குறைவு.
சிந்திய மணிகளை எவை தின்றன என்று
திரும்பிப் பார்க்கவில்லை.
நேரம் முடிந்த பிறகு பார்ப்பது
கணக்கில் வராது.