வெளியேறும் தேதி

காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில்
வஜ்ஜிரவேலு லாட்ஜின் வரவேற்பு மேசையில்
சாவிப் பலகைக்கும் ஓ.ஆர்.எஸ். டப்பாவுக்கும் நடுவே
என் லேப்டாப்புக்கு ஒன்றரை அடி இடம்.
மே மாதம்.
பகலில் வாங்கிய வெயிலை
இரவு பத்து மணிக்கும் வட்டியோடு
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன மலைப்பாறைகள்.

முதல் கட்டளையை அடித்தேன்.
திட்டத்துக்குப் பெயர்?
லாட்ஜ்.
டைப்ஸ்கிரிப்ட் வேண்டுமா?
வேண்டும்.
சோதனைகள் வேண்டுமா?
இப்போதைக்கு வேண்டாம்.
இந்தத் தெருவில் இந்தக் கேள்விக்கு
இப்படிப் பதில் சொல்ல முடிந்தவள்
நான் ஒருத்திதான் இருப்பேன்.

அப்புறம் இறங்கத் தொடங்கின பொதிகள்.
ஒரு முள்ளுக் கத்திரிக்காய் வதக்க
நேதாஜி மார்க்கெட்டையே மூட்டை கட்டி வந்தாற்போல
முப்பத்தெட்டாயிரம் கோப்புகள்.
ஒரு எண் ஒற்றைப்படையா என்று பார்ப்பதற்கு மட்டும்
தனியாக ஒன்று.
யாரோ, எங்கோ, தூக்கம் வராத ஒரு ராத்திரியில்
எழுதிப் போட்டது.
மஞ்சளில் ஏழு எச்சரிக்கை.
சிவப்பில் ஒன்று: பதிப்பு பொருந்தவில்லை.
பதினெட்டு கேட்கிறது, என்னிடம் இருப்பது பதினாறு.
ஏற்றிவிட்டு மறுபடி தொடங்க
எழுபது சதவீதத்தில் கரண்ட் போனது.
இருட்டில் இம்தாதுல்லா யூபிஎஸ்ஸை ஒரு தட்டு தட்டி,
"இன்னாம்மா, எறங்கிச்சா?" என்றார்,
குழாய்த் தண்ணீரை விசாரிக்கிற குரலில்.

இறங்கியது.
ஓடவிட்டேன்.
மூவாயிரமாம் வாசல் காலியில்லை என்றது.
நேற்று நான் மூட மறந்த ஏதோ ஒன்று
உள்ளே தாழிட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.
அதைக் கிளப்ப ஒரு சொல் உண்டு.
ஆங்கிலத்தில் நாலே எழுத்து.
நாளுக்குப் பத்து தடவை யோசிக்காமல் அடிப்பேன்.
மூன்று எழுத்து அடித்த பிறகுதான் பார்த்தேன்:
பதினான்காம் அறை சுபோத் மண்டல்
வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்று
திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

அழித்தேன்.
மூவாயிரத்து ஒன்று என்று மாற்றினேன்.
அதுவும் வாசல்தானே.

அமைப்புக் கோப்பு.
மொழிகள்: தமிழ், ஆங்கிலம், இந்தி.
தமிழுக்குப் பக்கத்தில் வங்காளத்தைச் சொருகினேன்.
நேர மண்டலத்தை மட்டும் நான் தொடவில்லை.
அங்கே முன்பே
கொல்கத்தா என்றுதான் இருந்தது.
சுட்டிக் காட்டினேன்.
மால்டாவிலிருந்து வந்த இந்த ஆறு வாரத்தில்
அவர் பல்லை நான் பார்த்தது அப்போதுதான்.

சரி, நீங்களே நிரப்புங்கள், என்றேன்.
பெயர். ஊர். கூட இருப்பவர் எத்தனை பேர்.
ஒரு விரலால், நிதானமாக.
வெளியேறும் தேதி
என்ற கட்டத்துக்கு வந்து விரல் நின்றது.
காலண்டர் விரிந்தது. ஜூனுக்குப் போனார்.
ஜூலைக்குப் போனார். ஜூனுக்கே திரும்பினார்.
"டாக்டர் பாபு ஜானேன்" என்று
காலியாக விட்டுப் பொத்தானை அமுக்கினார்.
கட்டம் சிவந்தது:
இந்தத் தகவல் கட்டாயம்.

நான் எழுதிய வாசகம்.
சுருக்கமாக, நல்ல தமிழாக வந்திருக்கிறதென்று
சாயங்காலம் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தேன்.

கோப்பைத் திறந்தேன். நாற்பத்தோராம் வரி.
'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கிச் சேமித்தேன்.
பக்கம் தானே புதுப்பித்துக்கொண்டது.
அவர் எழுதிய பெயரும் ஊரும் அழியவில்லை.
சிவப்பு மட்டும் போயிருந்தது.
பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மாடியேறினார்.

காலையில் வஜ்ஜிரவேலு பார்த்துவிட்டுக் கேட்டார்:
"தேதி இல்லன்னா, அந்த ரூம
இன்னொருத்தருக்கு எப்பம்மா குடுக்கறது?
வெளியே ரெண்டு குடும்பம் பெட்டியோட ஒக்காந்துகீது."
நியாயமான கேள்வி.
பார்க்கிறேன் சார் என்றேன்.

மூவாயிரத்தில் படுத்திருந்தது
இன்னும் அங்கேயே படுத்திருக்கிறது.
நாற்பத்தோராம் வரிக்கு மேலே
இரண்டு சாய்கோடு போட்டு
'பிறகு சரிசெய்ய' என்று எழுதி வைத்திருக்கிறேன்.
சாய்கோட்டுக்குப் பின்னால் எழுதுவதை
இயந்திரம் படிப்பதில்லை.